வரும்போது எழுதலாம் என்பவர்களுக்கு

எழுத்து உழைப்பல்ல, அருள் என்று சொல்லிச் சொல்லியே எழுத வந்த பலரை எழுதாமல் செய்துவிட்டோம். நூல் வெளியீட்டு மேடை, வாசகர் வட்டம், புத்தகக் காட்சி என்று எங்கே போனாலும் இந்தப் போதனை காத்திருக்கிறது. உண்மையான படைப்பாளி நேரம் வைத்து எழுதமாட்டான். எழுத்து வரும்போது வரும், வராதபோது சும்மா இருப்பதே நேர்மை. ஒழுங்கு என்பது குமாஸ்தாவின் குணம். ஒப்பந்தம், ராயல்டி, பதிப்புரிமை என்று கேட்கிறவன் வியாபாரி. கலைஞனுக்குக் கொஞ்சம் பித்தும் கொஞ்சம் பட்டினியும் வேண்டும்.

இதைச் சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். மதிக்கத்தக்க ஒரு வரலாறு இதன் பின்னால் இருக்கிறது. வாரப் பத்திரிகைகள் பக்கத்தை நிரப்ப எழுத்தை அளந்து வாங்கிய காலத்தில், அந்த அளவுகோலுக்கு உடன்படாதவர்கள்தாம் 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யைச் சிறுகதையின் களமாக்கினார்கள். 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். விற்பனையை மட்டும் பார்த்திருந்தால் தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்திருக்காது. நல்ல வரி கட்டளைக்குக் கட்டுப்படாது என்பதும் உண்மையே. நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு பத்தி தேறாத அனுபவம் எழுதுகிற எல்லாருக்கும் உண்டு.

நான் மறுப்பது இந்த உண்மைகளை அல்ல, இவற்றைச் சாக்காக வைத்துச் செய்யப்படும் இரண்டு தாவல்களை. நல்ல வரி கட்டளைக்கு வராது, ஆகவே உட்காரவே வேண்டாம் என்பது முதல் தாவல். சந்தை நம் அளவுகோல் அல்ல, ஆகவே கூலி கேட்காதே என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தர்க்கத்தில் இடம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

காலடிப்பேட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறேன். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. பிற்காலத்தில் இதைச் சுற்றி விம்கோ தீப்பெட்டி ஆலை, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்டு, காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் என்று வந்தன. ஷிப்டுக்கும் கடலுக்கும் ஏற்ப உறங்கி எழுகிற பகுதி. இங்கிருந்து எழுத வருகிறவர்களை வைத்துத்தான் அந்தப் போதனையை எடைபோட வேண்டும். மாதச் சம்பளமும் தனி அறையும் உள்ளவர்களை வைத்து எடைபோட்டால் எந்தப் போதனையும் சரியாகத்தான் தெரியும்.

1. அருள் என்கிறீர்களே, அருள் என்ன செய்தது?

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருக்கிறது. கம்பர் நள்ளிரவில் இராமாயணம் எழுதியபோது அந்தக் காளி பந்தம் பிடித்து வெளிச்சம் காட்டினாள் என்பது இந்த ஊர்க் கதை. எழுத்து தெய்வச் செயல் என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். வரலாற்றுச் சான்றாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் எழுத்தைப் பற்றி இந்த ஊர் என்ன நினைத்தது என்பதற்கு இது சாட்சி.

கதையைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். அம்மன் என்ன செய்தாள்? விளக்குப் பிடித்தாள். எழுதவில்லை. ஊர் உறங்கும் நேரத்தில் உட்கார்ந்தவர் கம்பர். ஏடும் எழுத்தாணியுமாகக் கூட இருந்தவர்கள் மாணாக்கர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காவியம் அது. கவிஞன் உட்காராத இரவில் தெய்வம் பந்தம் ஏந்தி வந்தாலும் பயன் இல்லை என்றுதான் அந்தக் கதை சொல்கிறது. அருளை நம்புகிறவர்களின் கதையிலேயே உழைப்பு முதலில் வருகிறது, அருள் துணைக்கு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கியது நாம்.

2. காலக்கெடு கலையைக் கொல்லுமா?

அப்படியானால் பாரதியைக் கொன்றிருக்க வேண்டும். 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர், பிறகு ‘சக்கரவர்த்தினி’, ‘இந்தியா’ என்று இதழ்களை நடத்தியவர், 1921-இல் இறக்கும்போதும் சுதேசமித்திரன் வேலையில் இருந்தவர். தந்திச் செய்தியை மொழிபெயர்த்து, தலையங்கம் எழுதி, அச்சுக்கு அனுப்பிய அதே கைதான் கவிதையும் எழுதியது. புதுமைப்பித்தன் தினமணியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் கொடுத்தார். கல்கியை இலக்கியக் கணக்கில் சேர்க்கமாட்டேன் என்று யாராவது சொன்னால் அதற்காக நான் சண்டைபோடப் போவதில்லை. தஸ்தயேவ்ஸ்கியைச் சேர்ப்பீர்கள் அல்லவா? 1866-இல் குறித்த நாளுக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்குத் தன் எழுத்து முழுவதையும் பதிப்பாளர் இலவசமாக வெளியிட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையில் அவர் சிக்கியிருந்தார். சுருக்கெழுத்து தெரிந்த அன்னாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு 26 நாளில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார்.

அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்ட பிறகு எழுத்தை நம்பியே வாழ்ந்தார். தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து அவர் எழுதியது தமிழ் வாசகர்கள் பலருக்கும் தெரிந்த செய்தி. வீட்டில் இடம் இல்லையா, பூங்காவில் இடம் உண்டு என்று கண்டுபிடித்த மனிதர் அவர். ‘தண்ணீர்’ போன்ற நாவலின் அமைதியைப் பாராட்டுகிறவர்கள், அந்த அமைதியைச் சாத்தியமாக்கிய பழக்கத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இங்கே ஒரு பதில் வரும்: இவர்கள் மேதைகள், எந்த நெருக்கடியிலும் எழுதியிருப்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மேதைக்கே மேசையும் நேரமும் தேவைப்பட்டது என்றால், மேதை அல்லாத நமக்கு எவ்வளவு தேவைப்படும்?

3. ‘உன் வாழ்க்கையே கதை, அப்படியே கொட்டு’ என்பது பாராட்டா?

அல்ல. வடசென்னையிலிருந்து எழுத வருகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் மிக மோசமான அறிவுரை இது. ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று சொன்னதுமே கேட்கிறவரின் முகம் மலர்கிறது. ரத்தமும் சதையுமான அனுபவம், பாசாங்கு இல்லாத மொழி, செதுக்கிக் கெடுத்துவிடாதே என்கிறார். ஊருக்குத் தெற்கே இருந்து வருகிற இளைஞனிடம் வடிவத்தைப் பற்றிக் கேட்கிறோம். திருவொற்றியூர் இளைஞனிடம் காயத்தைக் காட்டச் சொல்கிறோம்.

இதன் விளைவு என்ன? முதல் தொகுப்பு வெளிவரும். அதில் பிள்ளைப்பருவம் முழுக்க இருக்கும், தெருச்சண்டை இருக்கும், இறந்துபோன நண்பன் இருப்பான். கைத்தட்டல் கிடைக்கும். ஒருவரும் அதன் இரண்டாம் கதையில் காலம் குழம்பியிருப்பதையோ, ஐந்தாம் கதை பாதியிலேயே முடிந்திருக்க வேண்டியதையோ சொல்லமாட்டார்கள். இரண்டாவது புத்தகத்துக்கு உட்காரும்போது அவனிடம் கொட்டுவதற்கு மிச்சம் இருக்காது. எப்படிக் கட்டுவது என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை. எழுத்து வற்றிவிட்டது என்று அவனே நம்பத் தொடங்குவான். வற்றியது எழுத்து அல்ல. பழக்கம் அங்கே உருவாகவே இல்லை.

கரன் கார்க்கி ‘கறுப்பர் நகர’த்தைக் கொட்டி எழுதியிருக்க முடியாது. ஒரு நகரத்தின் அடித்தளத்தை நாவல் அளவுக்கு எழுப்ப நினைவு மட்டும் போதாது. பாக்கியம் சங்கர் ‘நான்காம் சுவ’ரில் எழுதிய மனிதர்கள் நம் தெருவில் தினமும் நடக்கிறவர்கள்தாம். நாம் பார்த்தும் எழுதாமல் விட்டதை அவர் பார்த்து எழுதினார். எல்லாரும் பார்த்ததை ஒருவர் மட்டும் எழுத முடிகிறது என்றால் அந்த இடைவெளியில் இருப்பது கைவேலை.

ராஜம் கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுத அவர் அங்கே போனார், அந்த மனிதர்களோடு பேசினார், வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டார். அவர் உப்பளத்தில் பிறந்தவர் அல்லர். பிறந்தவர்கள் எழுதாத காலத்தில், தெரிந்துகொண்டு எழுதும் பழக்கத்தால் அந்த நாவலைக் கொடுத்தார். இங்கேயே பிறந்த நாம் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு எழுதலாம்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதக் கடைசியில், பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த வாரங்களில் நிறையக் கவிதைகள் வந்தன. பெரும்பாலானவற்றில் கடல் அழுதது, மீன் இறந்தது. எண்ணெய் படிந்த வலை மறுபடி உதவுமா, அதைத் தூக்கிப்போட்டால் புது வலைக்கு யார் கடன் கொடுப்பார்கள், கொசஸ்தலை ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் எத்தனை நாள் கழித்துத் தண்ணீரில் இறங்கினார்கள், இறங்கியபோது தோலுக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அவற்றில் இல்லை. உணர்ச்சி வந்தபோது எழுதினார்கள். கேட்டு எழுதும் வழக்கம் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் எழுதியிருப்பார்கள்.

படகில் பிடித்த மீன் காசு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் என்ன பங்காகப் பிரிகிறது என்று தெரியாமல் காசிமேட்டுக் கதை எழுதக் கூடாது. குறிப்பேடு வைத்துக்கொள்வது, ஏலம் நடக்கும் விடியற்காலையில் போய் நிற்பது, தெரியாததைக் கேட்பது, எழுதியதை ஆறப்போட்டுத் திருத்துவது, தெரிந்த ஒருவரிடம் காட்டிப் பிழை கேட்பது, இவற்றில் எது கலைக்கு எதிரி? சொல்லுங்கள்.

4. ‘வரும்போது எழுதலாம்’ என்று சொல்ல யாருக்கு வசதி இருக்கிறது?

வரும்போது எழுத வேண்டுமென்றால் அது வருகிற எந்த நேரமும் கையில் இருக்க வேண்டும். சோறு வேறு யாரோ பொங்க வேண்டும். பிள்ளையை வேறு யாரோ பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவருக்கும், காலை நான்கு மணிக்குக் கூடையோடு கிளம்புகிற பெண்ணுக்கும் அப்படித் திறந்து கிடக்கும் நேரம் கிடையாது. ஒதுக்கிய நேரம்தான் கிடைக்கும். சல்மா துவரங்குறிச்சியில், வீட்டார் கண்ணில் படாமல் கழிவறையில் ஒளிந்து நின்று கவிதை எழுதினார். மனநிலை கனியட்டும் என்று அவர் காத்திருந்தால் தமிழுக்கு அந்தக் கவிதைகள் இல்லை, ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யும் இல்லை. நேரம் வைத்து எழுதுவதைக் குமாஸ்தாத்தனம் என்று ஏளனம் செய்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பெண்களையும் கூலிக்கு வேலை செய்கிறவர்களையும் எழுத்திலிருந்து வெளியே தள்ளுகிறார்.

5. பட்டினி படைப்பைக் கூர்மையாக்கும் என்பது

பொய். புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயில் இறந்தபோது வயது 42. ‘அன்னை இட்ட தீ’ என்ற நாவல் முடியாமலே கிடந்தது. வறுமை அவரை எழுத வைக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தவரை நிறுத்தியது. இந்த மரணத்தை மேடையில் அழகாக்கிப் பேசுவதை நாம் விட்டுவிட வேண்டும்.

6. காசு கேட்டால் எழுத்து கெட்டுவிடுமா?

இதுதான் இந்தப் போதனையின் நெஞ்சு. மற்றவை எல்லாம் இதற்கு வேலி.

முதலில் பாரதியையே கூப்பிடுகிறேன், ஏனென்றால் தியாகத்துக்கு அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 1920-இல் கடையத்தில் இருந்தபோது அவர் ஒரு திட்டம் போட்டார். தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 10,000 பிரதி அச்சிடுவது. மொத்தம் நான்கு லட்சம். அதற்கு நண்பர்களிடம் நன்கொடை கேட்கவில்லை, வட்டிக்குக் கடன் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல் தன் புத்தகம் வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். திட்டம் நடக்கவில்லை. ஆனால் விலை, பிரதி, வட்டி என்று கணக்குப் பார்த்த மனிதரை நம் மேடைகள் வானத்தைப் பார்த்த மனிதராக மட்டுமே காட்டுகின்றன.

அவர் இறந்த பிறகு நடந்தது இன்னும் முக்கியம். பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறிப் போனது. இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியதும் பிரச்சினை எழுந்தது. பாரதி யாருக்குச் சொந்தம் என்று தமிழ்நாடு கேட்கத் தொடங்கியது. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. ஏவி.எம். தன் பங்கைப் பணம் வாங்காமல் கொடுத்தார். நூல் உரிமையை வைத்திருந்த தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000. இருபத்தெட்டு ஆண்டு விதவையாக வாழ்ந்த செல்லம்மாவின் கைக்கு, நாடே பாடிய பாட்டுகளுக்காக வந்த தொகை அது. எழுத்தாளன் கணக்குப் பார்க்கக் கூடாது என்றால், அந்தக் கணக்கை அவன் வீட்டுப் பெண்கள் தீர்க்கிறார்கள்.

ராஜம் கிருஷ்ணனின் நூல்களை 2009-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. கௌரவம்தான். ஆனால் அப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். சாகித்ய அகாதெமி விருது பெற்று, பல பத்தாண்டுகள் இடைவிடாமல் எழுதியவரின் முதுமையை அவருடைய புத்தகங்கள் தாங்கவில்லை.

சி.சு. செல்லப்பாவை எனக்கு எதிராக நிறுத்துவார்கள். மனைவியின் நகையை விற்று இதழ் நடத்தினாரே, புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனாரே என்பார்கள். போனார். அந்தச் செயலை வணங்குகிறேன். ஆனால் மூட்டையைச் சுமந்து எதற்குப் போனார்? விற்க. பதினொரு ஆண்டுகளுக்கு மேல் இதழைக் கொண்டுவந்தவரை ஒழுங்கின்மைக்குச் சாட்சியாக்குவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

இன்றைய நிலவரம் என்ன? 250 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீத ராயல்டி, 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். ஒரு வருட உழைப்புக்கு. இந்தத் தொகையைக் கேட்பதால் ஒருவர் வியாபாரி ஆகிவிடுவார் என்றால், இதைக் கொடுக்காமல் இருப்பவருக்கு என்ன பெயர்? பெரம்பூரில் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, கூலி கேட்டால் நெசவு கெட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த மண்ணில் நின்றுகொண்டு எழுத்துத் தொழிலாளிக்கு மட்டும் அப்படிச் சொல்ல வெட்கமாக இல்லையா?

சட்டம் எழுத்தாளன் பக்கம் இருக்கிறது, அவன்தான் படிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடுகளுக்கு, எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, உரிமை உங்களிடமே திரும்பும். படத்துக்கு எழுதுகிறவர்களின் ராயல்டி பங்கை 2012 திருத்தம் காப்பாற்றியது. உரிமையை விற்ற பிறகும், படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைச் சிதைத்த படத்தை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போய் 1986-இல் அந்த உரிமையை நிலைநாட்டினார். 2018-இல் ‘சர்கார்’ படத்தின் கதை தொடர்பாக உதவி இயக்குநர் ஒருவர் தன் பெயரைத் திரையில் வரவைக்க முடிந்ததும், தன் கதையை எழுத்தாளர் சங்கத்தில் முன்பே பதிவுசெய்து வைத்திருந்ததால்தான். ஒரு பதிவு ரசீது அவருக்காகப் பேசியது. வடசென்னையைப் படமாக எடுக்க இன்று எத்தனையோ பேர் வருகிறார்கள். டீக்கடையில் கதையைச் சொல்லிவிட்டு, பிறகு திரையில் பார்த்துத் திகைக்கிற இளைஞர்கள் நம் பக்கத்தில் இனியும் இருக்கக் கூடாது.

பழக்கமும் உரிமை உணர்வும் இருந்துவிட்டால் எல்லாரும் எழுத்தாளர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. திறமை இல்லாத இடத்தில் ஒழுங்கு திறமையைக் கொண்டுவராது. ஆனால் திறமை இருந்தும் ஒழுங்கு இல்லாமல் போனவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் காத்திரு என்பது மட்டும்தான்.

ஆகவே வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி உங்கள் கூட்டங்களில் ஒரு புதிய எழுத்தாளரின் அனுபவத்தைப் பாராட்டிவிட்டு உட்காராதீர்கள். பிரதியைப் பென்சிலோடு படித்துவிட்டு வாருங்கள். பதிப்பாளர்களுக்கு: ஒப்பந்தத்தைத் தமிழில், எழுத்தில் கொடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கை அனுப்புங்கள். எழுதுகிற தம்பி, தங்கைகளுக்கு: அரை மணி நேரமானாலும் அதை உங்கள் பெயரில் ஒதுக்குங்கள், வீட்டில் சொல்லி ஒதுக்குங்கள். அனுப்பும் ஒவ்வொரு பிரதிக்கும் நகல் வைத்துத் தேதி போடுங்கள். கையெழுத்துக் கேட்டால், எத்தனை ஆண்டுக்கு என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.